நாலு விதை காணோம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் சண்டைக்காரி இல்லை. வந்த சண்டையை விடமாட்டாள், அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவள் புருஷனுக்குக் கல்யாணமான இரண்டாவது வாரமே புரிந்துபோயிற்று. லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர் அவர். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவர். அதனால்தான் குடும்பம் ஓடுகிறது.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கிற டிரம்கள் எட்டு, இன்னொரு பக்கம் சூடேறிய ரோலர். ஈர விரிப்பை ஒரு முனையில் இரண்டு பேர் ரோலருக்குள் ஊட்டுவார்கள். மறுமுனையில் காய்ந்து வழுவழுவென்று வெளியே வருவதை இரண்டு பேர் பிடித்து மடிப்பார்கள். மடிக்கிற இரண்டு பேரில் ஒருத்தி இவள். எதிர்ப்பக்கம் நிற்பவள் இவளுடைய நாத்தனார், புருஷனின் கூடப்பிறந்த தங்கை. மூலையைப் பிடித்து, இரண்டு எட்டு முன்னால் வந்து, கைக்குக் கை கொடுத்து, மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை. வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத நாளில்கூட வேலையில் எண்ணூறு தடவை நாத்தனாருக்குக் கை கொடுத்தே ஆக வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒரு வசதி வாய்க்கும், சொல்லுங்கள்!

அந்த இரைச்சலில் காது அடைத்துப்போகும். மேற்பார்வையாளருக்கு அங்கே 'விசில்' என்று பெயர், ஏனென்றால் அவர் வாயால் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. அவர்தான் போனால் போகிறது என்று ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ள விட்டார். இன்னொரு காது அபாய மணிக்கு. மத்தியானம் வரை இடது காது, சாப்பாட்டுக்குப் பிறகு வலது காது. முதலில் பாட்டுக் கேட்டாள். ஆறு மாதத்தில் பாட்டெல்லாம் தீர்ந்துபோயிற்று. பிறகு ஒருநாள் கைதவறி ஒரு செயலியில் விரல் பட்டு, யாரோ ஒருவர் கனத்த குரலில் வேறு ஒரு கிரகத்துக்குப் போகிற கப்பலைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தார். கை இரண்டிலும் விரிப்பு, நிறுத்த வழியில்லை. அரை மணி நேரம் கழித்து நிறுத்த வழி இருந்தது. அவள்தான் நிறுத்தவில்லை.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது அதற்கு. விண்கப்பல், நட்சத்திரப் போர், டிராகன், மந்திரவாள், காலத்தில் பின்னால் போகிறவன், செத்துப் பிழைக்கிற ராணி, எல்லாமே அவளுடைய ஒற்றைக் காது வழியாக உள்ளே போயிற்று. கேட்டதோடு விட்டாளா? எழுதவும் ஆரம்பித்தாள். செயலியில் 'இஸ்திரிக்காரி' என்று பெயர் வைத்துக்கொண்டாள். முதல் விமர்சனம் ஒரு டிராகன் கதைக்கு: "ராணி மூன்று அத்தியாயம் வெள்ளை அங்கியில் போர் செய்கிறாள். ரத்தம் கொட்டுகிறது, டிராகன் நெருப்புக் கக்குகிறது. நாலாவது அத்தியாயத்தில் அங்கி பளிச்சென்று இருக்கிறது. அதைத் துவைத்தவள் யார்? அவளுக்குக் கதையில் ஒரு வரிகூடக் கிடையாதா?" அதைப் படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து ஒரு கப்பல் கதை. நாலாயிரம் பேர் எழுபது வருஷம் பயணம் போகிறார்கள். "இவர்கள் துணியை எங்கே காயப்போடுகிறார்கள் என்று எழுத்தாளர் யோசிக்கவே இல்லை. கப்பல் நாறியிருக்கும். இரண்டு நட்சத்திரம்." இப்படியே இருநூற்றுப் பதினாலு விமர்சனம் சேர்ந்தது.

அவளுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. கடைசி வரி வரை கேட்காமல் ஒரு எழுத்துகூட எழுதமாட்டாள். வேகத்தைக் கூட்டிக் கேட்கமாட்டாள். "வாசிக்கிறவர் மூச்சு விடுற இடத்துல நாமளும் விடணும். அவரை ஓட விட்டுட்டு நாம என்னத்தக் கேக்கறது?" என்பாள்.

விமர்சனத்தை முதலில் கையால்தான் எழுதுவாள். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சலவைக்கூடத்திலிருந்து எந்த மூட்டையும் சீட்டு இல்லாமல் வெளியே போகாது. எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை, எத்தனை அங்கி என்று எழுதி, மேல் தாள் மூட்டையோடு போகும், கார்பன் நகல் புத்தகத்திலேயே தங்கும். ஒன்று குறைந்தால் 'காணோம்' என்று எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. துணி பிறகு கிடைத்தாலும் அதற்குக் கீழே 'கிடைத்தது' என்று தேதி போட்டு எழுதலாமே தவிர, மேலே இருக்கிற 'காணோம்' அப்படியே நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியின் முகவரி மாறியபோது பழைய சீட்டுப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக மிஞ்சின. விசில் குப்பையில் போடச் சொன்னார். அவள் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து டிராகனும் விண்கப்பலும் சலவைச் சீட்டில்தான், கார்பன் வைத்து. மேல் தாளைப் பார்த்துச் செயலியில் தட்டுவாள். நகல் புத்தகத்திலேயே கிடக்கும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஒரு கதை வந்தது. ஊரை விட்டுக் கிளம்பி வழி தொலைத்த ஒரு கப்பல். அதில் ஒரு தோட்டக்காரி. செடியெல்லாம் பட்டுப்போய், அவள் கையில் மிச்சம் இருப்பது ஏழே ஏழு விதை. மொத்தம் முப்பத்தோரு அத்தியாயம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வாசிக்கும்போது அத்தியாய எண் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சின்ன மணியோசையோடு ஆரம்பிக்கும். அவளோ எண்ணுகிற பிழைப்புக்காரி. மணி அடித்தால் சீட்டில் ஒரு கோடு போடாமல் கை சும்மா இருக்குமா?

பதினெட்டாவது மணிக்குப் பிறகு, தோட்டக்காரி ஏழு விதையையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கப்பல் தலைவனின் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறாள். கதவைத் தட்டுகிறாள். அத்தியாயம் முடிந்தது. அடுத்த மணி. தலைவன் செத்துப்போய் மூன்று மாதம் ஆகியிருக்கிறது. தோட்டக்காரியைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். கையில் மூன்று விதை.

அவள் விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"அண்ணி! துணி தரையில இழுக்குது. தூங்கிட்டியா?" என்றாள் நாத்தனார்.

"நாலு விதை எங்கடி?"

"எந்த நாலு விதை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கடைசி வரை கேட்டாள். நாலு விதையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சீட்டில் போட்ட கோடுகளை எண்ணினாள். முப்பது. தன்மேலேயே சந்தேகம் வந்து, முப்பது மணி நேரத்துக் கதையை முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் முப்பதுதான். அன்றைக்கே எழுதினாள்: "பதினெட்டாவது மணிக்குப் பிறகு ஒரு அத்தியாயம் காணோம். நாலு விதை காணோம். பதிவில் விட்டுப்போயிருக்கிறது. தேடுங்கள். முழுசாக வந்து சேராத மூட்டைக்கு நட்சத்திரம் போடமாட்டேன்." இது இருநூற்றுப் பதினைந்தாவது.

அவள் எழுதுவதற்கு முன்பே அங்கே நானூறு பேர் எழுதிவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் மேலே இருந்தவர் 'பேராசிரியர்'. அவரே வைத்துக்கொண்ட பெயர் அது. எந்தக் கல்லூரியில் எதைக் கற்பித்தார் என்று யாருக்கும் தெரியாது. இரட்டை வேகத்தில் வருஷத்துக்கு முந்நூறு புத்தகம் கேட்பதாகப் பெருமையடித்துக்கொள்கிற ஆள். அவர் எழுதியிருந்தார்: "நடுவில் ஆசிரியர் நிகழ்த்தும் காலப் பாய்ச்சல் துணிச்சலானது. சொல்லாமல் விட்டதன் மூலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்." அவ்வளவுதான், அதற்குக் கீழே எல்லோரும் அந்தப் பாய்ச்சலையே பாராட்டியிருந்தார்கள். ஒருவர் அந்த இடத்தில் தனக்குக் கண்ணீர் வந்ததாக எழுதியிருந்தார். வராத அத்தியாயத்துக்குக் கண்ணீர்! இந்தக் கூத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

அவள் எழுதியதைப் பார்த்துப் பேராசிரியர் பதில் போட்டார்: "விடுபடலும் ஒரு கலை. இஸ்திரி போட்டுக்கொண்டே அரைக்காதில் கேட்பவர்களுக்கு அது பிடிபடாமல் போவது இயல்பே." அதற்கு இருநூறு பேர் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு மேஜையில் டப்பாவைத் திறந்தவள் மூடிவிட்டாள். முகமெல்லாம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது. அரைக்காது என்றது அவளுக்குச் சுட்டது. அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அவள் கேட்ட அளவுக்கு அவர் இரண்டு காதிலும் கேட்டிருப்பாரா? பதில் தட்டினாள்: "எங்கள் இடத்தில் ஒரு தலையணை உறை காணாமல் போனால் அதை யாரும் கலை என்று சொல்வதில்லை. டிரம்முக்குள் தலையை விட்டுத் தேடுவோம். நீங்களும் ஒரு தடவை தலையை விட்டுப் பாருங்கள், ஐயா."

மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. செயலி நடத்துகிற நிறுவனத்திலிருந்து ஒரு பெண். தேன் தடவின குரல்.

"மேடம், உங்க விமர்சனத்தப் பத்தி நிறைய புகார் வந்திருக்கு. பதிவுல குறைன்னு எழுதியிருக்கீங்க. எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"எண்ணிப் பாத்தீங்களாம்மா?"

"எங்க குழு உறுதி பண்ணிட்டாங்க மேடம்."

"எண்ணுனாங்களா, உறுதி பண்ணாங்களா?"

பிறகு விஷயம் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் அந்த ஒரு விமர்சனத்தை அவளே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விமர்சனக் கணக்கை மூடிவிடுவார்கள். கதை கேட்கலாம், எழுத முடியாது. பழைய இருநூற்றுப் பதினாலும் சேர்ந்து போய்விடும்.

"அதாவது காது இருக்கலாம், வாய் கூடாது," என்றாள் அவள்.

"அப்படி இல்ல மேடம்..."

"அப்படித்தாம்மா."

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். விண்கப்பல் கதை கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து அவளை 'ராக்கெட்டு' என்றுதான் கூப்பிடுவார். கோபக்காரர் இல்லை, நல்ல மனிதர்தான். அதுதான் தொல்லை.

"எடுத்துட்டுப் போயேன் ராக்கெட்டு. ஒண்ணுக்காக இருநூறையும் விடுவாங்களா? அந்தக் கதைல நாலு விதை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நாம என்ன அதை வெச்சா தோட்டம் போடப்போறோம்?"

அவள் கையிலிருந்த துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு மடிக்கிறேன். மாடிக்குப் போகுது. யாரோ படுக்கறாங்க. மடிச்சது யாருன்னு எவனுக்காவது தெரியுமா? தெரிய வேண்டாம், நான் அதைக் கேக்கல. ஆனா இந்த இருநூத்திப் பதினாலு இருக்கே, அது நான் சொன்னதுன்னு நிக்குது. அதுவும் போயிடப்போகுதுங்க. பொய் சொல்லல. பயமாத்தான் இருக்கு."

"அதனாலதான் சொல்றேன், அந்த ஒண்ண எடுத்துடுன்னு."

"எடுத்தா மீதி இருநூத்திப் பதினாலும் பொய்யாயிடும். எண்ணிட்டு, எண்ணலன்னு சொல்லச் சொல்றாங்க. நீங்க லிஃப்ட்டுல கயிறு தேஞ்சிருக்குன்னு எழுதிட்டு, மேனேஜர் சொன்னார்னு அடிச்சுடுவீங்களா?"

புருஷன் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மாட்டேன்," என்றார் கடைசியில். "சரி, நீயாச்சு உன் விதையாச்சு."

வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நாத்தனார் வாயில் எதுவும் தங்காது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது விசிலே வந்து, "போனை எடுத்துப் பாத்துக்க, பரவால்ல," என்றார். அவள் பார்க்கவில்லை. விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். 'இஸ்திரிக்காரி' என்று தட்டினால், 'அப்படி யாரும் இல்லை' என்று வந்தது.

அழுதாள். ஏன் மறைக்க வேண்டும்? மேஜைமேல் கிடந்த ஒரு தலையணை உறையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு ஆத்திரம் தீர அழுதாள். பிறகு அந்த உறையை அழுக்கு மூட்டையில் போட்டு, சீட்டில் ஒன்று கூட்டி எழுதினாள்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, நாங்க பதினோரு பேர் இருக்கோம். ஆளுக்கு ஒரு கணக்கு ஆரம்பிக்கிறோம். பதினோரு பேரும் 'அத்தியாயம் காணோம்'னு எழுதறோம். எத்தனை வாயை மூடுவாங்கன்னு பாத்துடலாம்!" ஊட்டுகிற பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டார்கள்.

"வைங்க உள்ள," என்றாள் அவள். மூக்கு இன்னும் அடைத்திருந்தது. "நீங்க யாராவது கேட்டீங்களா அந்தக் கதைய?"

"நீதான் கேட்டியே."

"கேக்காம எழுதினா உங்களுக்கும் அந்த நானூறு பேருக்கும் என்ன வித்தியாசம்? கேட்டுட்டு வாங்க. முழுசா. அப்புறம் எழுதுங்க."

முப்பது மணி நேரம் யார் கேட்பார்கள்? ஃபோனெல்லாம் உள்ளே போய்விட்டது. நாத்தனார் மட்டும் முறைத்துக்கொண்டே, "இன்னொரு இயர்போன் இருக்கா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து மடிக்கிற மேஜையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காது. ஆறு நாளில் அவளும் முடித்தாள். அவள் போட்ட கோட்டை அவளே எண்ணினாள். முப்பது. அவள் தன் பெயரில் எழுதினாள். அதையும் இரண்டே நாளில் தூக்கிவிட்டார்கள். அதில் நாத்தனாருக்கு வந்த கோபம் இருக்கிறதே, அன்றைக்கு ரோலரே தேவையில்லை, அவள் மூச்சிலேயே துணி காய்ந்திருக்கும்.

ஒரு மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் சாப்பிடும்போது நாத்தனார் போனை நீட்டினாள். "அண்ணி, உன் பேராசிரியர் என்ன எழுதியிருக்காரு பாரு."

பழைய வரி இல்லை. பாய்ச்சலும் இல்லை, துணிச்சலும் இல்லை. அந்த இடத்தில், "பத்தொன்பதாம் அத்தியாயமே இந்தப் படைப்பின் உயிர்நாடி" என்று இருந்தது. தேதி பழைய தேதிதான். கண்ணீர் வந்தவரும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் அவசரமாகக் கதையைத் திறந்து ஓட்டிப் பார்த்தாள். பதினெட்டாவது மணி. கதவைத் தட்டுகிறாள். அடுத்த மணி. கதவு திறக்கிறது!

நிறுவனத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அறிவிப்பு இல்லை, மன்னிப்பு இல்லை. சத்தம் போடாமல் கொண்டுவந்து சொருகிவிட்டிருந்தார்கள்.

அன்றைக்கு இயர்போன் போடவில்லை. டப்பாக்களை ஒதுக்கிவிட்டுப் போனை மேஜை நடுவில் வைத்தாள். சாப்பாட்டு நேரம், ரோலர் நின்றிருந்தது. பதினோரு பெண்களும் விசிலும் உட்கார்ந்து பத்தொன்பதாம் அத்தியாயத்தைக் கேட்டார்கள். தலைவன் கட்டிலில் கிடந்தபடி பேசுகிறான், பேசுகிறான், அப்படி ஒரு பேச்சு. நடுவில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். கடைசியில் தோட்டக்காரி நாலு விதையை அவனுடைய குடிதண்ணீர்த் தொட்டியில் விதைக்கிறாள். முளைக்கவில்லை. அவ்வளவுதான். வாசித்தவருக்கு ஜலதோஷம் வேறு.

"இதானா?" என்றார் விசில்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் அடித்தது. அதே தேன் குரல். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே அவள் பேசினாள்.

"மேடம், ஒரு நல்ல சேதி. உங்க கணக்கைத் திருப்பித் தர்றோம். இருநூத்திப் பதினாலும் அப்படியே வந்துடும்."

"இருநூத்திப் பதினஞ்சு," என்றாள் அவள்.

"அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம் மேடம். இப்பத்தான் குறையே இல்லியே. இல்லாத குறைய எழுதி வெக்கறதுல அர்த்தம் இல்ல, பாருங்க."

"இருந்துச்சா இல்லியா?"

"இப்ப இல்ல மேடம்."

"அம்மா, எங்க புத்தகத்துல காணோம்னு எழுதினா அடிக்கமாட்டோம். கிடைச்சுதுன்னா அதுக்குக் கீழ எழுதுவோம். அந்த ரெண்டாவது வரிய நான் சந்தோஷமா எழுதித் தர்றேன். நீங்க தேடிக் கண்டுபிடிச்சீங்கன்னு உங்க பேரையே போட்டு எழுதறேன். மேல இருக்கறது மேலயே இருக்கணும். இருநூத்திப் பதினஞ்சும் தர்றதுன்னா குடுங்க. இல்லாட்டி ஒண்ணும் வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம். பதினோரு வருஷ உழைப்பு."

"அது எனக்குத் தெரியும்மா. உழைச்சது நான்." கட் செய்தாள்.

நாத்தனார்தான் ஆரம்பித்தாள். அவளால் சும்மா இருக்க முடியாதே.

"அண்ணி, உண்மையச் சொல்லு. இந்த அத்தியாயத்துக்கு நீ எத்தனை நட்சத்திரம் போடுவ?"

"ரெண்டு," என்றாள் அவள். "தோட்டக்காரிக்காக இன்னும் அரை."

"அடிப்பாவி! இந்த ரெண்டரை நட்சத்திரத்துக்கா இருநூத்திப் பதினாலையும் தூக்கிக் குடுத்த?"

"நல்லா இருந்துச்சுன்னு சண்டை போடலடி," என்றாள் அவள். "இருந்துச்சுன்னு சண்டை போட்டேன்."

பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். இருநூற்றுப் பதினைந்தாவது பக்கத்தின் கார்பன் நகல் நீல எழுத்தில் அப்படியே இருந்தது. 'நாலு விதை காணோம்.' அதற்குக் கீழே பேனாவால் எழுதினாள்: 'கிடைத்தது.' அன்றைய தேதியைப் போட்டாள். பிறகு புதுப் பக்கம் திருப்பி, கார்பன் வைத்து, பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு விமர்சனம் எழுதினாள். தலைவனின் பேச்சு நீளம், நாற்பது விரிப்பு மடித்திருக்கலாம். வாசித்தவர் ஒரு வாரம் ஓய்வு எடுத்துவிட்டு வாசித்திருக்கலாம். குடிதண்ணீர்த் தொட்டியில் மண்ணைப் போட்டவள் அதைக் கழுவினாளா என்று ஆசிரியர் சொல்லவில்லை. ஆனால் முளைக்காது என்று தெரிந்தும் விதைத்தாள் பாருங்கள், அந்த இடம் நன்றாக இருக்கிறது. இரண்டரை நட்சத்திரம். கீழே 'இஸ்திரிக்காரி' என்று கையெழுத்துப் போட்டாள்.

போடுவதற்குச் செயலி இல்லை. மேல் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். துணி வாங்க மாடியிலிருந்து வருகிற நர்சுகளும் வார்டு ஆட்களும் நிற்கிற இடத்தில், காணாமல் போன துணிகளின் பட்டியல் ஒட்டுகிற பலகை இருக்கிறது. அதன் நடுவில் வைத்து நாலு மூலைக்கும் ஊசி குத்தினாள்.

"இது ஆஸ்பத்திரிப் பலகை," என்றார் விசில்.

"எடுக்கச் சொல்றீங்களா?"

விசில் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "ஒரு ஊசி கோணலா இருக்கு," என்று சொல்லிவிட்டு, ரோலரைப் போடப் போனார்.